பெரார்கஞ்ச் பிரட் புட்டிங்: திணை, பொழுது, பூஞ்சை

பிரட் புட்டிங் எனப்படுவது, உண்ணப்படாமல் எஞ்சிய பிரட் துண்டுகளைப் பாலிலும் முட்டையிலும் ஊறவைத்து, சர்க்கரை கூட்டி, மிதமான சூட்டில் இறுகச் செய்து பெறப்படும் இனிப்பாகும். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் சமையல் நூல்களிலேயே இது இடம்பிடித்துவிட்டது. 1747இல் வெளிவந்த ஹன்னா கிளாஸின் நூலும் இதற்கு இடமளித்துள்ளது. அப்பழைய வடிவத்தில் சாக்லேட்டும் இல்லை, இன்றைய பேக்கரிகளில் சிவப்பாக மின்னும் செர்ரியும் இல்லை. ஆதலின் பதிப்பாசிரியர்களின் மொழியில் கூறுவதாயின் இவ்விரண்டும் பிற்கால இடைச்செருகல்களே. இடைச்செருகல் என்பதனாலேயே இவற்றை நீக்கிவிட வேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர் எவரேனும் இருப்பின், அவர் வீட்டில் குழந்தைகள் இல்லை என்பது தானே பெறப்படும்.

இவ்வாய்வுக்குக் களமாக எடுத்துக்கொள்ளப்பட்டது தென் அந்தமான் மாவட்டத்துப் பெரார்கஞ்ச். 1923 முதல் 1931 வரை தீவுகளின் தலைமை ஆணையராக இருந்தவரும், பட்டாம்பூச்சி சேகரிப்பதில் பெருவிருப்பம் கொண்டவருமான மைக்கேல் லாயிட் பெராரின் பெயரைத் தாங்கிய இவ்வூர், அந்தமான் நெடுஞ்சாலையில் ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு முன்னதாக அமைந்துள்ளது. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைக் காணச் செல்லும் சுற்றுலாப் பயணிகள், காலைக் கான்வாயைப் பிடிக்கும் அவசரத்தில் (கான்வாய் என்பது, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டு வழியே வண்டிகளை ஒன்றுசேர்த்துக் காவலோடு அனுப்பும் முறை) விடியுமுன் இருட்டோடு இருட்டாக இவ்வூரைக் கடந்துவிடுகின்றனர். இதன் சமையலறைகள் அவர்தம் பயணக் கட்டுரைகளில் இடம்பெறாததில் வியப்பில்லை.

தீவுகளில் கோதுமை விளைவதில்லை. மைதா சுமார் 1200 கிலோமீட்டர் கப்பலேறி வருகிறது. ஆயினும் பிரட் இங்கேயே சுடப்படுவது, அதுவும் நெடுங்காலமாகவே சுடப்படுவது. 1858இல் கைதிக் குடியிருப்பைத் தொடங்கிய ஆங்கிலேயர் தம் தலைமையிடமாகக் கொண்ட ராஸ் தீவின் (2018இல் இது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்றது) இடிபாடுகளுள் பேக்கரியும் ஒன்று. அந்நாளைய பிரட்டை உண்டு மிச்சம் வைத்தவர்களும் இருந்திருப்பர் என்று கொள்வதில் தவறில்லை. மனித இனம் பிரட் பாக்கெட்டின் இரு முனைத் துண்டுகளையும் எக்காலத்தும் விரும்பியதில்லை.

ஒரு பொருளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுத்து நோக்குவது தமிழ் மரபு. முதற்பொருளாவது நிலமும் பொழுதும். கருப்பொருளாவது அந்நிலத்துப் பண்டங்கள். உரிப்பொருளாவது அங்கு வாழ்வோரின் மனநிலை. புட்டிங்கின் கருப்பொருள் பாலும் முட்டையும் பிரட்டும் என்பதில் ஐயமில்லை. நிலத்தை வரையறுப்பதிலேதான் சிக்கல் எழுகிறது. ஒருபுறம் காடு நெருங்கி நிற்பதால் பெரார்கஞ்ச் முல்லை; எத்திசையில் சென்றாலும் விரைவிலேயே கடலோ உப்பங்கழியோ எதிர்ப்படுவதால் நெய்தல். முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது பொறுத்துக் காத்திருத்தல்; நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், அதாவது கைவிட்டுப்போனதை எண்ணி வருந்துதல். இத்திணை மயக்கம் வெறும் ஏட்டுச் சிக்கலன்று. பிரட் பழையதாகட்டும் என்று காத்திருக்கும்வரை சமைப்பவர் முல்லையில் இருக்கிறார். துண்டின் ஓரத்தில் பச்சை நிறப் புள்ளியொன்று தோன்றிய கணத்தில் நெய்தலுக்குள் நுழைந்துவிடுகிறார். ஐயமுள்ளோர் பொழுதை நோக்குக. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் நேரம். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்னும் ஏற்பாட்டால், கிழக்கே ஒதுங்கிய இத்தீவுகளில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாலை 5 மணி வாக்கிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறான். தேநீருக்குத் துணையாக எதையேனும் தேடும் நேரமும் அதுவே. டப்பாவைத் திறந்து பூஞ்சையைக் கண்டு இரங்குவது பெரும்பாலும் அப்போதுதான் நிகழ்கிறது.

பூஞ்சைக்கும் பழமைக்கும் இடையிலான இப்போட்டியே பெரார்கஞ்ச் புட்டிங்கின் மையச் சிக்கல் என்பது இவ்வாய்வின் துணிபு. சாக்லேட்டும் செர்ரியும் அதனை மறைக்கும் அணிகலன்கள். புதிய பிரட்டைப் பாலில் நனைத்தால் அது கூழாகிவிடும். சற்றே விறைத்த பிரட்தான் பாலை உறிஞ்சியும் உருக்குலையாமல் நிற்கும். பழைய பிரட் விறைப்பது அதன் ஈரம் காற்றில் போய்விடுவதால் என்றே பலரும் கருதுகின்றனர். பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ, ஈரம் வெளியேறாதபடி பாதுகாத்தாலும் பிரட் பழையதாகவே செய்கிறது என்பதை 1852இலேயே காட்டிவிட்டார். அடுப்பில் வேகும்போது நெகிழ்ந்து நீரை உள்வாங்கிய மாவுச்சத்து, ஆறிய பின் மெல்ல மெல்ல மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுவதே அந்த விறைப்புக்குக் காரணம். ஆகவே ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவிலும் பிரட் பழையதாகத் தடையேதும் இல்லை. அதே ஈரக்காற்றில் பூஞ்சையும் தழைக்கும் என்பதும், அது பழமையைவிட விரைந்து வந்து சேரும் என்பதுமே தொல்லை. பாக்கெட் பிரட்டில் கால்சியம் புரோப்பியோனேட் என்னும் பூஞ்சைத் தடுப்புப் பொருளைச் சேர்க்கின்றனர். மே மாதத்தில் பிடித்து மாதக்கணக்கில் விடாத மழைக்கு முன் அதன் வீரம் நெடுநாள் நிற்பதில்லை. புள்ளி விழுந்த பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தும் சிக்கனத்தை இக்கட்டுரை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரிவது பூஞ்சையின் பூ மட்டுமே. அதன் இழைகள் அதற்குள் துண்டின் உள்ளே வெகுதூரம் ஓடியிருக்கும்.

பழைய பிரட்டைக் கடையிலேயே வாங்கிவிடலாமே என்னும் யோசனை எளிதாகத் தோன்றும். தமிழும் வங்காளமும் மலையாளமும் தெலுங்கும் கலந்து வாழும் தீவுகளில் கடைத்தெருவின் பொதுமொழி இந்தி. பாக்கெட்டைப் புரட்டித் தேதியைத் தேடியபடி, "ஆஜ் கா ஹை க்யா?" என்று கேட்பது வாடிக்கையாளரின் இயல்பு, இன்றையதுதான் என்று சூடம் அணைக்காத குறையாகச் சொல்வது கடைக்காரரின் இயல்பு. இந்நிலையில் ஒருவர் வந்து முந்தாநாள் பிரட் இருக்கிறதா என்று விசாரித்தால், அது தம் கடையைப் பற்றிய குத்தல் என்றே கடைக்காரர் எடுத்துக்கொள்வார். இருந்தாலும் இல்லை என்றே சொல்வார். இவ்வழி அடைபட்டது.

எஞ்சுவன இரண்டு நெறிகள். பிரட் தானாகவே முதுமை எய்த வேண்டும் என்போரை இயற்கை முதுமையர் எனலாம். துண்டுகளைத் தோசைக்கல்லில் இட்டு, சிறுதீயில் புரட்டிப் புரட்டி உலர்த்துவோரைச் செயற்கை முதுமையர் எனலாம். முதலாமவர் பொறுமையைப் புகழ்வர், பூஞ்சையிடம் தோற்பர். இரண்டாமவர் செய்வது உண்மையில் முதுமையன்று. 60 டிகிரியைத் தாண்டிய சூடு, இறுகிய மாவுச்சத்தைத் திரும்ப நெகிழ்த்திவிடுகிறது. அவர்களுக்குக் கிடைப்பது உலர்ந்த பிரட்டே தவிர பழைய பிரட் அன்று. ஆயினும் உலர்ந்த பிரட் பாலை நன்றாகவே குடிக்கும் என்பதால் வேலை நடந்துவிடுகிறது. இவ்விரண்டினும் மேலான மூன்றாம் வழி குளிர்பெட்டி. பிரட்டைக் குளிர்பெட்டியில் வைத்தால் விறைத்துப்போகிறது என்பது இல்லந்தோறும் எழும் புகார். அது முற்றும் உண்மை, ஏனெனில் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் மாவுச்சத்து மிக விரைந்து இறுகுகிறது. மற்றெல்லோருக்கும் குறையாகப் படும் இதுவே புட்டிங் செய்வோருக்கு வரம். பூஞ்சையோ அக்குளிரில் சோம்பிக் கிடக்கும். 8 துண்டுகளைத் தட்டில் பரப்பி, மூடாமல் ஓரிரவு குளிர்பெட்டியில் வைத்தால் முல்லையிலேயே இருந்து கொள்ளலாம். நெய்தலுக்குப் போக வேண்டியதில்லை.

ஓரத்தை வெட்டுவதா, விடுவதா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. வடகலை தென்கலைப் பூசல் அளவுக்கு அது முற்றிவிடவில்லை என்பதால், வெட்டினால் மென்மை, விட்டால் கடிப்பதற்குச் சற்று பிடிமானம் என்று மட்டும் குறித்துவிட்டு மேலே செல்லலாம்.

சாக்லேட்டைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. சாக்லேட்டின் கொழுப்பு சுமார் 34 டிகிரியில் உருகும். தீவின் நடுப்பகல் அதற்கு வெகுதொலைவில் இல்லை. உருகி உருகி மீண்டும் இறுகிய சாக்லேட்டின் மேல் வெண்ணிறம் படர்ந்திருக்கும். அது பூஞ்சையன்று, மேலே வந்து படிந்த கொழுப்பு. புட்டிங்கில் சேர்க்கத் தடையில்லை. பேக்கரிகளில் வழங்கும் காம்பவுண்டு சாக்லேட்டில் கோகோக் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்வதால் அது வெப்பத்தை இன்னும் தாங்கும், சுவையில் சற்று மெழுகுத்தன்மை காட்டும். சாக்லேட்டைத் தனியே உருக்கும்போது ஒரு சொட்டு நீர் பட்டாலும் திரிதிரியாகிக் கல்லாகும் என்பதால், இட்லிப்பானையின் ஆவி சூழ்ந்த சமையலறையில் அம்முயற்சியில் இறங்காமல், நறுக்கிய சாக்லேட்டின் மேல் சூடான பாலை ஊற்றிக் கலக்குவதே அறிவுடைமை.

செர்ரி அங்ஙனம் எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று. மெய்யான செர்ரி மரத்துக்குக் கடுங்குளிர்காலம் வேண்டும். இந்தியாவில் அது காஷ்மீரிலும் இமாசலத்திலும் விளைந்து, கோடையில் சில வாரங்கள் மட்டும் சந்தைக்கு வருகிறது. அதனைப் பெரார்கஞ்சில் எதிர்பார்ப்பது கப்பல் ஏறாத பொருளுக்காகத் துறைமுகத்தில் காத்து நிற்பதாகும். பிளாஸ்டிக் டப்பாவில் பாகில் மிதந்தபடி செர்ரி என விற்கப்படுவது பெரும்பாலும் களாக்காய். முள் நிறைந்த புதரில் காய்க்கும் அப்புளிப்புக் காயின் விதையை நீக்கி, உப்புநீரில் ஊறவைத்து, எரித்ரோசின் என்னும் சிவப்புச் சாயம் ஏற்றி, நாளுக்கு நாள் கெட்டியாகும் சர்க்கரைப் பாகில் இட்டு எடுக்கின்றனர். ஊறுகாயாக வேண்டிய காய், மேல்நாட்டு வேடம் புனைந்து ஐஸ்கிரீமின் உச்சியில் ஏறி அமர்ந்த இவ்வரலாறு தனி நூலுக்கு உரியது. ஏமாற்று என்று இதனைத் தூற்றுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மெய்யான செர்ரியை வேகவைத்தால் சாறு கசிந்து பால் திரளை நீர்க்கச் செய்யும். பாகேறிய களாக்காயோ வெந்த பின்னும் உருவமும் கடிப்பும் கெடாமல் நிற்கும். புட்டிங்கைப் பொறுத்தவரை நடிகரே பாத்திரத்துக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டார். பாகைக் கழுவி, துணியில் ஒற்றி எடுத்துச் சேர்த்தால் போதும். கழுவாமல் சேர்த்தவரின் புட்டிங்கில் சிவப்புத் தீற்றல்கள் ஓடியிருக்கும்.

அளவுகளாவன: 8 துண்டு பிரட், அரை லிட்டர் பால், 3 முட்டை, 60 கிராம் சர்க்கரை, 100 கிராம் சாக்லேட், ஒரு கைப்பிடி செர்ரி, பாத்திரத்தில் தடவ வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. பால் பவுடரைக் கரைத்துச் செய்தாலும் பழுதில்லை. தென்னை நிறைந்த தீவாதலின் பாலில் பாதிக்குத் தேங்காயின் முதற்பாலைச் சேர்ப்போரும் உண்டாகலாம். அவ்வாறு செய்தால் பண்டம் இலங்கையின் வட்டிலப்பத்தை நோக்கி நகரத் தொடங்கும், அது குற்றமாகாது. முட்டை வாடைக்கு வெனிலா எசன்ஸ் மருந்து எனினும், தீவிலேயே விளையும் சாதிக்காயைச் சற்றே துருவிச் சேர்ப்பது மேல்.

பாலும் சர்க்கரையும் கலந்த முட்டை 80 டிகிரியை ஒட்டி இறுகும். 85ஐ வெகுவாகத் தாண்டினால் திரிந்து நீர்விடும். ஓவன் இல்லாத வீட்டில் இட்லிப்பானையே கதி. ஆனால் அதன் ஆவியோ 100 டிகிரி. ஆகவே தீயைக் குறைத்து, மூடியின் ஒரு பக்கத்தில் கரண்டிக் காம்பைச் செருகி ஆவிக்கு வழிவிட வேண்டும். இதைச் செய்யாதவரின் புட்டிங் கடற்பஞ்சுபோல் துளைத்துளையாகிவிடும். மூடியிலிருந்து சொட்டும் நீர் புட்டிங்கின் மேல் விழாதபடி பாத்திரத்தின் வாயை வெண்ணெய் தடவிய தாளால் கட்டிவிடுவதும் இன்றியமையாதது. பிரட்டைப் பால் கலவையில் அரைமணி நேரம் ஊறவைத்த பின் 40 நிமிடம் வேகவைத்து, தென்னை ஈர்க்கினால் நடுவில் குத்திப் பார்க்க, அதில் பால் ஒட்டாமல் வந்தால் வெந்தது என்க.

இப்பண்டத்துக்கு இந்நாட்டில் உறவினர் உண்டா என்னும் வினாவுக்கு, கல்யாண பிரியாணியோடு வரும் பிரட் அல்வாவையும் ஹைதராபாத்தின் டபுள் கா மீட்டாவையும் பலரும் காட்டுவர். அவை இனிப்பால் உறவு. எஞ்சியதை வேறொன்றாக்கும் நோக்கத்தால் உறவு இட்லி உப்புமாவே. இட்லி உப்புமா செய்தவர் மிஞ்சியதுதான் என்று ஒப்புக்கொண்டு பரிமாறுகிறார். புட்டிங் செய்தவர் அப்பேச்சையே எடுப்பதில்லை.

வெந்த புட்டிங்கை ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுக் கவிழ்க்க வேண்டும். அடியில் அடுக்கிய செர்ரிகள் அப்போது மேலே வரும்; பங்கீட்டுச் சிக்கலும் உடன் வரும். வெட்டவிருக்கும் கோடுகளை மனத்தில் இட்டுக்கொண்டு, தலைக்கு இத்தனை என எண்ணி அடுக்குவதே முறை. இதற்குச் சதுரத் தகரம் வசதியானது. எனினும் ஓரம் இரு பக்கமும் இறுகிய மூலைத் துண்டையே எல்லாரும் கேட்பர் என்பதாலும், சதுரத்துக்கு மூலைகள் நான்கே என்பதாலும், ஐந்தாவது குழந்தை இருக்கும் வீட்டில் வட்டப் பாத்திரமே பாதுகாப்பானது.