உலகத் திணையிலக்கணச் சுருக்கம்

பாயிரம்

நூல் செய்தவர் யார், கேட்போர் யார் என்று சொல்லாமல் இலக்கணம் தொடங்குவது மரபன்று. செய்தவர் விளாடிமிர் கோப்பன், 1846-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த ஜெர்மானியர். தாவரவியல் படித்து வானிலையில் உத்தியோகம் பார்த்தவர். கேட்போர், புவியியல் பாடத்தைப் பரீட்சைக்கு ஒப்பித்துவிட்டு மறுநாளே மறந்த நாம் எல்லோரும். பாடப்புத்தகம் பயோம் என்பதை இந்நூல் திணை என்றே வழங்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள், மரமும் மாவும் புள்ளும் கருப்பொருள் என்று தொல்காப்பியர் வைத்த வரிசையைக் குலைக்கக் கோப்பனுக்கும் காரணம் கிடைக்கவில்லை.

எழுத்ததிகாரம்

எழுத்தெனப்படுப ஏ, பி, சி, டி, இ என ஐந்து. மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரிகூட 18 டிகிரிக்குக் குறையாத இடம் ஏ. மிக வெப்பமான மாதமும் 10 டிகிரியை எட்டாத இடம் இ. அங்கே மரம் கிடையாது, பாசியும் லைக்கனும் தரையோடு ஒண்டிய குறும்புதரும் உண்டு. இதுவே தூந்திரம். அதற்கும் அப்பால் வெறும் பனி. ஏ-க்கும் இ-க்கும் இடைப்பட்டதில் மிதமானது சி, குளிர்ந்தது டி. பி-யின் விதி பின்னே வரும்.

பத்து என்ற எண்ணுக்கு என்ன சிறப்பு எனின், வடகோடியில் மரம் நின்றுபோகும் எல்லையோடு அது ஏறத்தாழ ஒத்துப்போகிறது, அவ்வளவே. அதாவது மரத்தைக் கேட்டுத் தட்பவெப்பத்துக்கு வேலி போட்டார்கள். பிறகு தட்பவெப்பமே மரத்துக்கு வேலி போடுகிறது என்று மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இது சுற்றி வரும் வாதமன்றோ எனின், ஆம். உலகப் படம் பெரும்பாலும் சரியாகவே விழுவதால் சான்றோர் பொறுத்துக்கொண்டனர்.

பேரெழுத்தோடு சிற்றெழுத்து புணரும். ஏ-யோடு எஃப் சேர்ந்தால் ஆண்டு முழுதும் மழை: அமேசான், காங்கோ, போர்னியோ. டபிள்யூ சேர்ந்தால் குளிர்காலம் காயும். மழைக்காடு விலகிச் சவானா வரும். சி-யோடு எஸ் சேர்ந்தால் கோடை காயும், குளிர்காலம் நனையும். மத்தியதரைக் கடற்கரை, கலிபோர்னியா, நடுச் சிலி, ஆப்பிரிக்காவின் கேப் முனை, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு ஆகிய ஐந்தும் இவ்வினம். ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாத செடிகள் ஐந்திடத்திலும் சிறுத்துத் தடித்து விறைத்த இலையையே தேர்ந்துகொண்டன. ஏ-யோடு எஸ் புணர்வது அரிது. சித்திரையில் காய்ந்து ஐப்பசியில் நனையும் சென்னைக் கரைக்கு அந்த அரிய புணர்ச்சி வாய்த்திருக்கிறது. (பெருமைப்பட ஒன்றுமில்லை, மே மாதத் தண்ணீர் லாரியைக் கேட்டால் சொல்லும்.)

கோப்பனின் மகளை மணந்தவர் ஆல்ஃபிரெட் வெகனர், கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-ல் அறிவித்தவர். மாமனார் எழுத்து ஒட்டிய நிலத்தை மருமகன் இடம்பெயர்த்தால் வீட்டில் என்ன நடக்கும்? இங்கே 1924-ல் இருவரும் சேர்ந்து பழங்காலத் தட்பவெப்பம் பற்றி ஒரு நூல் எழுதினார்கள்.

பாலைக்குத் தனி விதி

ஏனை நான்கும் வெப்பத்தால் வரிசைப்பட, பி மட்டும் வறட்சியால் பெயர் பெறும். தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் பகுக்கவில்லை. கோப்பனும் வெப்ப வரிசையில் அதற்கு இடம் பகுக்கவில்லை. கொதிக்கும் சகாராவும் பி, உறையும் கோபியும் பி.

பெய்த மழையை மட்டும் அளந்து பாலையைக் கண்டுபிடிக்க முடியாது. லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ., சென்னையில் சுமார் 1,400. பச்சை எங்கே நிற்கிறது என்று சொல்லத் தேவையில்லை. வெயில் திருப்பி வாங்கிக்கொள்வதைக் கழிக்க வேண்டும். அதற்கு வாய்பாடு உண்டு: ஆண்டுச் சராசரி வெப்பத்தை 20-ஆல் பெருக்கு, மழையில் நூற்றுக்கு 70 பங்கு கோடை அரையாண்டில் பெய்தால் 280 கூட்டு, குளிர் அரையாண்டில் பெய்தால் ஒன்றும் கூட்டாதே, இரண்டுமற்றால் 140. மழை இந்த எண்ணுக்குக் கீழே போனால் வறள்புல்வெளி, அதில் பாதிக்கும் கீழே போனால் பாலை.

25 டிகிரி ஊரில் கோடைமழை என்றால் எண் 780, 350 மி.மீ. பெய்தும் அது பாலைதான். சைபீரியாவின் யாகூட்ஸ்க்கில் சராசரி சுழியத்துக்குக் கீழே 9 டிகிரி அளவு. பெருக்கிக் கூட்டினால் எண் 100-க்கு வந்து நிற்கும். அங்கே சுமார் 240 மி.மீ. மழையில் லார்ச் காடு ஓங்கி நிற்கிறது. அடியில் மண் நிரந்தரமாக உறைந்திருப்பதால் உருகிய நீர் கீழே இறங்கித் தொலைவதுமில்லை. லார்ச் ஊசியிலை மரமாகப் பிறந்தும் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும். விதி அறியாத மாணவர்களை மாட்டிவிட அது ஒன்றே போதும்.

பாலை எங்கெல்லாம் வரும் எனின், நடுக்கோட்டில் மேலேறிய காற்று மழையைக் கொட்டிவிட்டு 30 பாகை அருகே வறண்டு இறங்கும் இடத்தில் வரும். மலை மறைக்கும் பக்கத்தில் வரும். குளிர்நீரோட்டம் ஓடும் கரையிலும் வரும். அட்டகாமா கடலோரத்திலேயே காய்வது மூன்றும் கூடியதால் என்க.

மலைக்கு உரிய விதி சிறிது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குறைவதால், மலையேறுவது துருவம் நோக்கி நடப்பதற்குச் சமம். 1802-ல் ஆண்டிஸ் மலைத்தொடரின் சிம்போராசோவில் ஏறிய இயற்கையறிஞர் ஹம்போல்ட் இதைப் படமாகவே வரைந்து வைத்தார்.

புறனடை

இலக்கணத்துக்கு அடங்காததையும் இலக்கணமே சொல்லிவிட வேண்டும். நீலகிரியின் மேட்டில், அதே உயரத்தில், அதே மழையில், மடிப்பில் சோலை, சரிவில் புல். நடுவே கத்தியால் வெட்டியது போன்ற விளிம்பு. சோலைக்குள் நிழலும் ஈரமும். வெளியே மார்கழி, தை இரவுகளில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து, தப்பி முளைத்த மரக்கன்றைக் கருக்கிவிடும். தீயும் மேய்ச்சலும் புல்லின் பக்கம். உலகளவிலும் கதை இதுவே: 2005-ல் சூழலியலாளர் வில்லியம் பாண்டும் கூட்டாளிகளும் கணினி உலகத்தில் தீயை அணைத்துப் பார்த்தபோது, அடர்காடு ஏறத்தாழ இரட்டிப்பானது. சவானாக்கள் பல வானத்தின் தயவில் மட்டும் நிற்கவில்லை.

இந்தப் புறனடையைப் படிக்காதவர்கள், இவ்வளவு மழையில் மரம் இல்லையா, அப்படியானால் இது தரிசு என்று முடிவுகட்டினார்கள். வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பின்னும் வாட்டில் என்னும் அயல்மரமும் தைலமரமும் சரிவுகளில் ஏறின; தோடர் எருமை மேய்ந்த புல் அடியில் போயிற்று. நட்டது போதாதென்று வாட்டில் தானே விதைத்துக்கொண்டு பரவியது. இப்போது அதே சரிவுகளில் வனத்துறை வாட்டிலை வெட்டிப் புல்லை மீட்டுக்கொண்டிருக்கிறது.