வெளியூர் ஆட்டத்துக்கு வேன் புறப்படும் இலக்கணம்: கேமரன் மலைத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

காற்பந்துப் பருவத்தின் முதல் வெளியூர் ஆட்டத்துக்குக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு வேன் எவ்வாறு புறப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எவ்வாறு புறப்படாமல் போகிறது என்பதும் இதில் அடங்கும். அதற்கே சான்றுகள் மிகுதி. ஆய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி நல்கவில்லை. ஒட்டுக்கடையில் தே தாரிக் மட்டும் கிடைத்தது. அதுவும் ஆய்வாளர் பெயரில் கடனாக எழுதப்பட்டது.

1. ஆய்வுச் சிக்கல்

சொந்தத் திடல் பக்கத்தில் இருக்கும், எதிரியின் திடல் தொலைவில் இருக்கும் என்பது உலகக் காற்பந்தியலின் அடிப்படைக் கொள்கை. அமெரிக்கக் காற்பந்தில் கல்லூரி அணிகளின் ரசிகர்கள் பருவம் தொடங்கப் பல மாதம் இருக்கும்போதே விடுதியில் அறை பிடித்து, பல நூறு கிலோமீட்டர் காரோட்டிப் போய் எதிரியின் அரங்கில் அமர்வது இக்கொள்கையை நம்பித்தான். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் அமரலாம். அவர்களில் எவருக்கும் தம் வீடு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை.

கேமரன் மலையில் ஐயம் பிறப்பிலேயே தொடங்குகிறது. மலை இருப்பது பகாங் மாநிலத்தில். பகாங் அணியின் சொந்தத் திடல் குவாந்தானில் உள்ள டாருல் மக்மூர் அரங்கம்; மலையிலுள்ள தானா ராத்தாவிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். எதிரியான பேராக் அணியின் திடல் ஈப்போவில். சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் 90 கிலோமீட்டர்தான். ஆக, சொந்த ஊர் ஆட்டத்துக்கு ஒரு நாள் விடுப்பும் ஒரு ராத்தங்கலும் வேண்டும். வெளியூர் ஆட்டத்துக்குச் சனிக்கிழமை அரை நாள் போதும். இம்முரணை விளக்காமல் விட்ட முன்னோரை நாம் குறை கூறவில்லை. அவர்களுக்கு வேன் கிடைத்திருக்காது.

குவாந்தான் அரங்கில் சுமார் 40,000 பேர் அமரலாம். கேமரன் மலை மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் அந்த எண்ணைத் தொடவில்லை. கைக்குழந்தை முதல் தோட்டத் துரை வரை எல்லாரும் போனாலும் இருக்கை மிஞ்சும். தடை அரங்கில் இல்லை, சாலையில் இருக்கிறது என்பது இதனால் நிறுவப்படுகிறது.

2. வரலாற்றுப் பின்னணி

வில்லியம் கேமரன் 1885-இல் இம்மலையை அளந்தபோது காற்பந்து ரசிகர்களைக் கணக்கில் கொள்ளவில்லை. மலேசியக் கிண்ணத்தின் முன்னோடியான மலாயாக் கிண்ணம் 1921-இல் தொடங்கியது, எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல் தந்த அன்பளிப்பு அது. அன்று முதல் மாநிலத்துக்கு மாநிலம் மோதுவதே வழக்கமாயிற்று. எவர் எந்த அணி என்பதை மாநில எல்லை முடிவு செய்தது. மாநில எல்லையை இங்கே தித்திவங்சா மலைத்தொடரின் நீர்ப்பிரிப்பு முடிவு செய்தது. பெர்த்தாம், தெலோம் ஆறுகள் கிழக்கே வடிந்து பகாங் ஆற்றில் சேர்வதால் மலையும் பகாங்கோடு சேர்ந்தது. மழைத்துளி விழுந்த சரிவைப் பார்த்து ஒரு மனிதனின் அணி தீர்மானிக்கப்படும் இடங்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது.

ஆனால் சாலை நீரின் பேச்சைக் கேட்கவில்லை. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ தோட்டத்துக்கும் அதன்பின் வந்த தோட்டங்களுக்கும் ஆளும் அரிசியும் பேராக்கின் தாப்பா வழியாகத்தான் ஏறின. பின்னாளில் ஈப்போ பக்கம் இறங்கும் சிம்பாங் பூலாய் சாலையும் பேராக்குக்கே போனது. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாகப் பகாங்குக்குள்ளேயே இறங்கும் சாலை வரும்வரை, கேமரன்வாசி தன் மாநிலத் தலைநகருக்குப் போக அடுத்த மாநிலத்தைத் தாண்டியாக வேண்டும்.

இவ்விடத்தில் ஆறும் கட்சி மாறியதைக் குறிப்பிட வேண்டும். 1960-களில் ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை கட்டி, பெர்த்தாம், தெலோம் நீரைச் சுரங்கம் வழியே பத்தாங் பாடாங் பக்கம் திருப்பி மின்சாரம் எடுத்தார்கள். பத்தாங் பாடாங் இருப்பது பேராக்கில். மாநில எல்லைக்குக் காரணமான ஆறே வெளியூருக்குப் போகும்போது, பின்னால் ரசிகன் போவதில் வியப்பில்லை.

3. முதல், கரு, உரி

மலையைப் பற்றிய எந்த ஆய்வும் தொல்காப்பியரைத் தாண்டிப் போக முடியாது. எனவே பயணத்தை அவர் வகுத்த முறையிலேயே பகுத்துப் பார்ப்போம்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம் குறிஞ்சி என்பதில் கருத்து வேறுபாடில்லை. பொழுதில்தான் சிக்கல். வேன் புறப்படுவது நண்பகலில். அது பாலைக்குரிய பொழுது. ஆட்டம் இரவில். முடிந்து மலையேறும்போது நள்ளிரவு, யாமம் குறிஞ்சிக்குரியது. பாலையில் புறப்பட்டுக் குறிஞ்சியில் திரும்பும் ஒரே ஒழுக்கம் வெளியூர் ஆட்டப் பயணமே என்று துணியலாம்.

கருப்பொருள்களில் தெய்வம் முருகன். பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலைக் கடக்கும்போது வேனுக்குள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வர். நீர், அருவி. தாப்பா சாலையில் இறங்கினால் லாத்தா இஸ்கந்தார் அருவி, வளைவுகளில் தலைசுற்றியவர் முகம் கழுவும் இடமாக அமைந்துள்ளது. உணவு, தினைக்குப் பதிலாக நாசி லெமாக். விலங்கு, யானை. பகாங் அணியின் பட்டப்பெயர் தோக் காஜா. 1890-களில் பிரிட்டிஷாரை எதிர்த்த பகாங் வீரரின் பெயர் அது, காஜா என்றால் யானை. பேராக் அணியின் அடையாளம் செலாடாங் எனும் காட்டெருமை. யானையும் காட்டெருமையும் மோதுவதை நள்ளிரவு வரை நின்று பார்ப்பது குறிஞ்சி மக்களின் பழைய பழக்கம்தான். டிக்கெட் மட்டும் புதிது.

ஆடை குறித்துத் தனியே ஒரு குறிப்பு. இரு அணிகளுக்கும் நெடுங்காலமாக மஞ்சளும் கறுப்புமே நிறம். ஆகவே மஞ்சள் சட்டை போட்ட கேமரன் ரசிகர் வழிதவறி எதிரியின் பக்கம் உட்கார்ந்தாலும் யாரும் கேட்பதில்லை. இன்று தோட்டத்தில் கொழுந்து வெட்டுவோரில் வங்காளதேசத் தம்பிகளும் நேப்பாளத் தம்பிகளும் நிறைய. வங்காளதேசத்தில் பாதிப் பேர் பிரேசில், பாதிப் பேர் அர்ஜென்டினா. பிரேசில் கட்சித் தம்பியின் சட்டையும் மஞ்சள் என்பதால் அவர் வேனில் ஏறியவுடனே பகாங் ரசிகராகக் கொள்ளப்படுகிறார். அர்ஜென்டினாக்காரர் நடுநிலையாளர், டிக்கெட்டுகளை அவரிடம் கொடுத்து வைப்பது மரபு.

உரிப்பொருள் பிரிவு. பிரிவுக்குத் தொல்காப்பியர் கல்வி, பகை, தூது, பொருள் எனக் காரணங்கள் கூறுகிறார். பயணக் குழுவின் தலைவர் இதைப் பகைவயிற் பிரிவு என்கிறார். பள்ளி மாணவன் வீட்டில், "அம்மா, ஈப்போவுல கிளாஸ் இருக்கும்மா" என்று ஓதற்பிரிவாகக் காட்டுகிறான். தலைவரின் மனைவி இரண்டையும் ஏற்கவில்லை. "ஏங்க, பொருள் தேடப் போறவங்கள கேள்விப்பட்டிருக்கேன். இருக்கற பொருள விட்டுட்டு வரப் போற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்பது அவர் எழுப்பிய தடை. இதற்கு உரையாசிரியர் எவரும் விடை சொல்லவில்லை.

4. திட்டமிடல்: தேயிலைக் கோட்பாடு

பயணம் திட்டமிடப்படும் முறை, பச்சைக் கொழுந்து தேயிலைத் தூளாகும் முறையோடு ஐந்து கட்டங்களிலும் பொருந்துகிறது என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

முதற்கட்டம் வாட்டுதல். தொட்டியில் பரப்பிக் காற்றடித்தால் கொழுந்து ஈரத்தை இழந்து துவளும். ஆட்ட அட்டவணை வந்த அன்று, "நானும் வரேன்லா" என்று வேன் கொள்ளாத கூட்டம் பெயர் கொடுக்கும். இரண்டு நாள் காற்றடித்ததும் தங்கையின் நிச்சயதார்த்தம், மாமியாரின் மூட்டுவலி, வேலை மேற்பார்க்கும் மண்டோரின் முகம் என்று எடை குறையும்.

இரண்டாவது உருட்டுதல். இலையை நசுக்கினால் உள்ளிருக்கும் சாறு வெளிவரும். மிஞ்சியவர்கள் ஒட்டுக்கடையில் கூடும்போது பழைய பயணத்தின் சாறு வெளிவருகிறது: டீசலுக்கு யார் காசு தரவில்லை, யார் வாந்தி எடுத்தது, யார் கழுவியது.

மூன்றாவது நொதித்தல். இங்கே எதுவும் செய்யக்கூடாது. இலை தானே நிறம் மாறும். வாசனை பார்த்துத்தான் நேரம் சொல்வார்கள். குழுவிலும் சில நாள் பேச்சுவார்த்தை இருக்காது. அனுபவமில்லாத ஏற்பாட்டாளர் இந்தக் கட்டத்தில் சமாதானம் பேசப் போய்ப் பயணத்தைக் கெடுப்பதுண்டு.

நான்காவது உலர்த்துதல். சூடான காற்று நொதித்தலை நிறுத்துகிறது. அக்காற்று வேன்கார அண்ணனின் வாயிலிருந்து வருகிறது.

"அண்ணே, வேன் எத்தன மணிக்கு?"

"காசு குடுத்தவனுக்கு ரெண்டு மணிக்கு. குடுக்காதவனுக்கு அடுத்த வருஷம்."

அத்தோடு பட்டியல் முடிவாகும்.

ஐந்தாவது தரம் பிரித்தல். சல்லடையில் பெரிய இலை மேலே நிற்கும், தூள் அடியில் போகும். வயதானவரும் தலைசுற்றுவோரும் முன்னிருக்கையில்; இளவட்டம் பின்னால் மாற்றுச் சக்கரத்தின் மேல். கடைசியாக விழும் தூளில்தான் சாயம் அதிகம் என்பதைத் தேநீர்க் கடைக்காரர் அறிவார். அரங்கில் அதிகம் கத்துவதும் அந்தக் கடைசி வரிசைதான்.

5. மறுப்பும் விடையும்

தொலைக்காட்சியில் பார்த்தால் ஆகாதா என்று ஒரு சாரார் கேட்பர். 2013-இல் ஷா ஆலாமில் கிளந்தானை 1-0 என வென்று பகாங் மலேசியக் கிண்ணம் எடுத்ததையும், 2014-இல் புக்கிட் ஜாலிலில் ஜொகூரைப் பெனால்டியில் வென்றதையும் அவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். ஆர். கோபிநாதன் பகாங் சட்டையில் விங்கில் ஓடியபோது தோட்டத்து வீட்டுக் கூடத்தில் எழுந்த சத்தம் மெய்யானதே. அதை மறுக்கவில்லை.

ஆனால் இம்மறுப்பு ஒன்றைக் காணத் தவறுகிறது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் வேலை தேடி மலையிறங்கி இரண்டு தலைமுறை ஆகிறது. இறங்கியவர்களில் பலர் நின்ற இடம் ஈப்போ. எனவே பேராக் ரசிகர்கள் பக்கம் உட்கார்ந்து யானையைத் திட்டுபவர் யாரென்று பார்த்தால், தாய்மாமன் மகன். முதல் பாதியில் எதிரி, இடைவேளையில், "மச்சான், அத்தைக்கு உடம்பு எப்படி?"; இரண்டாம் பாதியில் மறுபடி எதிரி. ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் அவர் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போகிறார்கள். திரும்பும்போது, எட்டயபுரத்திலிருந்து வந்தவர்கள் ஈப்போவின் புந்தோங்கில் தொழிலாக வளர்த்த கச்சாங் பூத்தே நொறுவல் ஒரு பை ஆளுக்கு ஆள் மடியில் இருக்கும். ஆட்ட முடிவைக் கேட்டால் மட்டும் சொல்லத் தயங்குவர்.

குவாந்தானில் இவர்களுக்கு அணி இருக்கிறது, மாமன் இல்லை. ஈப்போவில் அணி இல்லை, மாமன் இருக்கிறார். அணியின் வீடு மாநில எல்லைப்படி. ரசிகனின் வீடு சோறு போடுகிறவர் இருக்கும் திசைப்படி. ஆய்வுச் சிக்கலுக்கு விடை இதுவே.

6. முடிவும் பரிந்துரையும்

2025 ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஸ்ரீ பகாங் என்ற பெயரில் ஆடிய பகாங் ஜொகூரிடம் 1-2 எனத் தோற்றது. அதே ஆண்டு மலேசியச் சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. பேராக்கும் 2025-26 பருவத்தில் இடம்பெறவில்லை. யானையும் இல்லை, காட்டெருமையும் இல்லை. ஆய்வுப்பொருளே களத்தை விட்டு வெளியேறிய நிலையில் கீழ்க்காணும் பரிந்துரைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: இரு மாநிலங்களும் தம் அணிகளை விரைவில் மீட்டெடுக்க வேண்டும். அதற்கான காரணங்களில் ஈப்போ அத்தையின் மீன்குழம்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு: அதுவரை ஆட்டம் இல்லாமலும் வேன் புறப்படலாம். இவ்வாய்வின்படி பயணத்துக்கு ஆட்டம் இன்றியமையாததன்று.

மூன்று: போன முறை டீசல் காசு தராதவர்கள் தயவுசெய்து கொடுத்துவிடுங்கள். அண்ணன் இன்னும் எழுதி வைத்திருக்கிறார்.