எட்டுக்கு ஊர் கொடுங்கள், பத்தைப் பிறகு பேசலாம்

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): அண்ணாச்சி, தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட் தொடங்குன 2016-லயே கோப்பையைத் தூக்குனது எங்க டூட்டி பேட்ரியாட்ஸ். இன்னைக்கு எங்க ஊர் பேர்ல அணியே கிடையாது. எட்டோட ஒண்ணைச் சேத்து ஒன்பதாக்கி எங்களுக்குக் கொடுத்தா யார் குடி முழுகிரும்?

பதில்: யார் குடியும் முழுகாது. ஆனால் உங்களுக்குக் கிடைப்பது பேர் மட்டும்தான்; அணி கிடைக்காது. முதல் ஆண்டுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சேப்பாக்கம், திண்டுக்கல், கோவை, மதுரை, காஞ்சி, திருவள்ளூர், காரைக்குடி, தூத்துக்குடி என்று எட்டு அணிகள். இவற்றில் முதல் நான்கு மட்டுமே இன்றும் அதே ஊர்ப் பெயரில் இருக்கின்றன. காஞ்சி வாரியர்ஸ் அடுத்த ஆண்டே திருச்சிக்குப் போய்விட்டது. திருவள்ளூர் வீரன்ஸ் முதலில் காஞ்சி வீரன்ஸ் ஆனது, பிறகு 2021 சீசனில் நெல்லை ராயல் கிங்ஸ் என்று நம்மிடம் வந்து சேர்ந்தது. காரைக்குடி காளை திருப்பூருக்குப் போனது, உங்கள் பேட்ரியாட்ஸ் சேலத்துக்குப் போனது. ஆட்டத்தில் தோற்றதற்காக ஊர் மாற்றினார்கள் என்றும் சொல்ல முடியாது. 2016 இறுதியாட்டத்தில் உங்கள் அணி 215 ரன் குவித்து, சேப்பாக்கத்தை 93 ரன்னில் சுருட்டியது. 2017-இலும் இறுதிக்கு வந்தது. ஜெயித்தால் ஊர் நிலைக்கும் என்றால் தூத்துக்குடிதான் முதலில் நிலைத்திருக்க வேண்டும்.

ஏன் நிலைக்கவில்லை? அந்த அணி தூத்துக்குடியில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதன் தென்பக்கத்து ஆட்டங்களெல்லாம் தாழையூத்து சங்கர் நகரில், இந்தியா சிமென்ட்ஸ் மைதானத்தில்தான் நடந்தன. சொந்த மைதானம் இல்லை. மாவட்டத்துப் பையன்களுக்கு அணியில் இத்தனை இடம் என்ற ஏற்பாடும் இல்லை. ஆகவே பெயரை மாற்றும்போது உள்ளூரில் தடுத்துக் கேட்க எதுவும் இல்லாமல் போனது. ஆஸ்திரேலியர்கள் தங்கள் கால்பந்து லீக்கிலும் இப்படி ஊர் மாற்றியிருக்கிறார்கள். மெல்போர்னின் சவுத் மெல்போர்ன் கிளப்பை 1982-இல் சிட்னிக்கு அனுப்பினார்கள். ஃபிட்ஸ்ராய் கிளப் 1996 முடிவில் பிரிஸ்பேனோடு இணைக்கப்பட்டது. இரண்டும் நூறாண்டு கடந்த கிளப்புகள். அந்த நூறாண்டுப் பழக்கம் சும்மா போய்விடவில்லை. சிட்னி அணி இன்றைக்கும் சவுத் மெல்போர்னின் சிவப்பு வெள்ளையில்தான் இறங்குகிறது. சேலம் அணியிடம் தூத்துக்குடியின் அடையாளம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? ஒன்பதாவது அணியைக் கேட்பதற்கு முன்னால், இருக்கிற எட்டும் ஊரோடு கட்டுப்பட வழி கேளுங்கள். இல்லையென்றால் உங்களுக்குக் கொடுத்ததை ஐந்து வருடத்தில் வேறு ஊருக்குக் கொண்டுபோவார்கள். நெல்லைக்கும் அதே கதி வரலாம்.

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): ஊரோடு கட்டுவது என்றால் எப்படி? ஐ.பி.எல். போல எல்லா அணிக்கும் சொந்த ஊர் ஆட்டம் வைக்க இந்த லீக்கால் முடியுமா?

பதில்: முடியும். ஒரு ஆட்டம்கூட அதிகம் வைக்க வேண்டியதில்லை. எட்டு அணி, ஒருவரோடொருவர் ஒரு முறை மோதினால் 28 லீக் ஆட்டம். எட்டு ஊருக்குப் பங்கு வைத்தால் ஊருக்கு மூன்றரை வரும். ஒரு ஆண்டு நான்கு, மறு ஆண்டு மூன்று என்று மாற்றிக்கொள்ளலாம். ஐ.பி.எல். போல இரண்டு முறை மோதவிட்டால் 56 ஆட்டம் ஆகிவிடும். ஒரு மாதத்துப் போட்டிக்கு அது தாங்காது, அப்படி நான் கேட்கவும் இல்லை. இப்போது என்ன நடக்கிறது? எட்டு அணியும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு ஊரிலும் சில நாள் ஆடிவிட்டு நகர்கின்றன. 2025-இல் ஆடிய ஊர்கள் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் மாவட்டத்து நத்தம். சேப்பாக்கம், மதுரை, திருச்சி, திருப்பூர் ஆகிய நான்கு அணிகளுக்குத் தங்கள் ஊரில் ஒரு பந்துகூட வீசும் வாய்ப்பில்லை. அந்த ஆண்டு கோப்பையை வென்றது திருப்பூர் தமிழன்ஸ். திருப்பூர்க்காரர்கள் தங்கள் அணி ஜெயித்ததை டி.வி.யில்தான் பார்த்தார்கள்.

செலவு என்ற ஆட்சேபம் உடனே வரும், அதில் நியாயமும் இருக்கிறது. கேமரா, விளக்கு, ஒளிபரப்பு வண்டி எல்லாவற்றையும் எட்டு ஊருக்கு மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு போக முடியாது. அதனால்தான் ஊர் ஊராக முகாம் போடும் முறையையே வைத்துக்கொண்டு, அட்டவணையை மட்டும் மாற்றச் சொல்கிறேன். சங்கர் நகரில் முகாம் நடக்கும் நாட்களில் நெல்லை அணி தன் சொந்த ஊர் ஆட்டம் மூன்றையோ நான்கையோ அங்கேயே முடிக்கட்டும். மைதானம் இல்லாத அணிக்குப் பக்கத்து மைதானத்தை நிரந்தரமாக எழுதிக் கொடுக்கட்டும். மதுரைக்கு இனி அந்தக் கவலையும் இல்லை, 2025 அக்டோபரில் தோனி வந்து வேலம்மாள் மைதானத்தைத் திறந்துவைத்துவிட்டார். மழையைச் சொல்வார்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கும். மலைக்கு இந்தப் பக்கம் தள்ளியிருக்கிற திருநெல்வேலிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். 2022 இறுதியாட்டத்தைக் கோவையில் மழை கெடுத்து, சேப்பாக்கமும் கோவையும் கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டன. அந்த மாதங்களில் ஆடுவதற்கு நம் ஊரைவிட வாகான இடம் குறைவு.

கேள்வி (மேலப்பாளையம் வாசகர்): சொந்த மைதானம் சொந்த மைதானம்ங்கிறியளே அண்ணாச்சி! 2023 இறுதியாட்டம் நம்ம சங்கர் நகர்லதானே நடந்துச்சு? 104 ரன் வித்தியாசத்துல உதை வாங்கினோமே, மைதானம் வந்து காப்பாத்துச்சா?

பதில்: காப்பாற்றவில்லை. கோவை 205, நெல்லை 101. உங்கள் கேள்விக்கு நானே இன்னும் வலு சேர்க்கிறேன். 2025 இறுதியாட்டம் நத்தத்தில் நடந்தது, திண்டுக்கல்லுக்குச் சொந்த மைதானம். அஸ்வின் தலைமையில் ஆடியும் திருப்பூரிடம் 118 ரன்னில் தோற்றார்கள். 2016 இறுதி சேப்பாக்கத்தில், தோற்றது சேப்பாக்கம், 122 ரன்னில். இந்த மூன்று இறுதியும் சொந்த மைதானத்தில், மூன்றிலும் நூறு ரன்னுக்கு மேல் தோல்வி. மைதானம் கோப்பை வாங்கித் தரும் என்று யாராவது வாதாடினால் இந்த மூன்று ஆட்டமும் போதும், அந்த வாதத்தை முடித்துவைக்க.

ஆனால் அந்த மூன்று ஸ்கோர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 215க்கு 93, 205க்கு 101, 220க்கு 102. மூன்றிலும் முதலில் ஆடியவர்கள் இருநூறைத் தாண்டினார்கள், துரத்தியவர்கள் நூறைச் சுற்றியே விழுந்தார்கள். கோளாறு மைதானத்தில் இல்லை, துரத்துகிற விதத்தில். ஓவருக்குப் பத்துக்கு மேல் வேண்டும் என்றதும் முதல் ஆறு ஓவரிலேயே முழுக் கடனையும் அடைக்கப் பார்க்கிறார்கள். இரண்டு விக்கெட் போனதும் அடுத்து வருகிறவரும் அதே அடியைத் தேடுகிறார். இதே நெல்லை, இதே மைதானத்தில், இறுதிக்கு இரண்டு நாள் முன்னால் திண்டுக்கல்லுக்கு எதிரான தகுதிச்சுற்றில் எப்படித் துரத்தியது? அஜிதேஷ் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு 73 அடித்தார். கடைசி 12 பந்தில் 37 வேண்டும் என்ற கட்டத்தில் 19-ஆவது ஓவரிலேயே 33 வந்தது. ரித்திக் ஈஸ்வரன் 11 பந்தில் 39. கையில் விக்கெட் இருந்ததால்தான் அந்த ஓவர் நடந்தது. 186-ஐ மூன்றே விக்கெட் இழந்து எட்டிய அணி, 206-க்கு மட்டும் வேறு வழியில் ஆடியது. இலக்கு இருபது ரன் ஏறியது, ஆட்டமுறையே தலைகீழாகிவிட்டது. பயிற்சியாளர்கள் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான்.

மைதானத்துக்கு வருவோம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வருகிற மேல்காற்று கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றிவிடும் வேகம் கொண்டது. தாழையூத்தும் அதன் பாதையில்தான் இருக்கிறது. காற்றை எதிர்த்து மெதுவாகப் பந்தைத் தூக்கிவிடும் சுழற்பந்து வீச்சாளருக்குப் பந்து அந்தரத்தில் நின்று இறங்கும். மறுமுனையிலிருந்து வீசுகிறவரை அதே காற்றுக்கு எதிராகத் தூக்கி அடித்தால் பந்து கோட்டுக்கு உள்ளேயே விழுந்து கேட்ச் ஆகும். எந்த முனையிலிருந்து யாரை வீசவைப்பது, எந்தப் பக்கம் ஆளை நிறுத்துவது என்பதெல்லாம் சில நாள் முகாமில் வந்துவிடுகிற அறிவு இல்லை. அந்த மைதானத்தில் பதினான்கு வயதிலிருந்து ஆடிய பையனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். சொந்த மைதானத்தில் ஆடியது ‘நெல்லை’ என்ற பெயர். அந்த மைதானத்தில் வளர்ந்த ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டால்தான் உங்கள் கேள்விக்குப் பாதி விடை வரும்.

கேள்வி (தென்காசி வாசகர்): அப்போ உள்ளூர்ப் பையன்களுக்கு ஒதுக்கீடு கேக்கியளா? ஏலம் போட்டுத் திறமைக்கு விலை கொடுக்கிற காலத்துல இது நடக்குமா?

பதில்: கேட்கிறேன், இருபது பேர் வரை எடுக்கிற அணியில் இரண்டே இரண்டு இடம். ஏலத்துக்கு நான் விரோதி இல்லை. 2023-இல் முதல் ஏலம் நடந்து, சாய் சுதர்சனைக் கோவை 21.60 லட்சத்துக்கு எடுத்தது. ஆட்டக்காரருக்கு அவர் திறமைக்கேற்ற காசு கிடைப்பது நல்லதுதான். லீக்கில் வேரூன்றிய திறமையும் பொய் இல்லை. 2018-இல் மதுரைக்கு ஆடிய வருண் சக்கரவர்த்தியை அந்த டிசம்பரிலேயே பஞ்சாப் 8.40 கோடிக்கு எடுத்தது. ஆனால் நடராஜன் கதையைப் பாருங்கள். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்காரர். டென்னிஸ் பந்தில் தொடங்கி, சென்னைக்குப் போய், அங்கே நான்காம் டிவிஷனிலிருந்து மேலே ஏறினார். 2016-இல் அவர் ஆடியது திண்டுக்கல்லுக்கு, 2017-இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. சேலத்துக்கு அணி வந்த பிறகும் 2023-இல் அவர் திருச்சிக்குத்தான் ஆடினார். மாவட்டத்துப் பையன் மேலே வர வேண்டுமென்றால் சென்னைக்கு ரயிலேறியே ஆக வேண்டும் என்பதுதான் இன்னும் நிலைமை. மாவட்டங்களின் பெயரால் நடக்கிற லீக் இதைக் கொஞ்சமாவது மாற்ற வேண்டாமா?

தரம் குறையும் என்பார்கள். ஆஸ்திரேலியக் கால்பந்தில் கோல்ட் கோஸ்ட் அணியை 2011-இல் புதிதாகச் சேர்த்தார்கள். வெளியூர் நட்சத்திரங்களைக் கொண்டுவந்து கொட்டியும் பல ஆண்டு கடைசி வரிசையிலேயே கிடந்தது. அந்த ஊர்ப் பையன்களுக்கு அகாடமி வைத்து, அதில் வளர்ந்தவர்களை எடுக்க முன்னுரிமை கொடுத்தார்கள். 2023 தேர்வில் அப்படி வளர்ந்த நான்கு பேரை முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். 2025-இல் அணி முதல் முறையாக இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. உள்ளூர் ஆள் தரத்தைக் கெடுத்ததாக அங்கே யாரும் புலம்பவில்லை. இன்னொரு பயம், முகவரியை மாற்றிக்கொண்டு வெளியூர்க்காரர்கள் நுழைவார்கள் என்பது. பிறந்த ஊரையும் ரேஷன் கார்டையும் பார்க்கவே வேண்டாம். மாவட்ட லீக்கில் மூன்று சீசன் ஆடியிருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். ஸ்கோர் புத்தகமே சாட்சி சொல்லும். நெல்லை அணியின் எல்லையாக மூன்று மாவட்டங்களையும் சேர்த்துக் கொடுக்கலாம். 1986 வரை தூத்துக்குடியும், 2019 வரை தென்காசியும் நெல்லையோடு இருந்தவைதானே. உங்கள் ஊர் வழியாக வருகிற சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியில்தான் கலக்கிறது. சங்கர் நகர் உங்களுக்கும் சொந்த மைதானம்.

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகி): இதெல்லாம் நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது பத்து அணி வரலாமா?

பதில்: வரலாம், ஆனால் கணக்கைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். பத்து அணி என்றால் லீக் ஆட்டம் 28-லிருந்து 45 ஆகும். அதைத் தவிர்க்க இரண்டு பிரிவாக உடைத்தால், எல்லோரும் எல்லோரோடும் ஆடும் முறை போய்விடும். இந்த லீக்கின் நேர்மையே அதில்தான் இருக்கிறது. எட்டு பேரும் ஏழு பேரைச் சந்தித்துவிட்டுத்தான் முதல் நான்குக்கு வருகிறார்கள். சுலபமான அட்டவணை கிடைத்து உள்ளே வந்தான் என்று யாரையும் குறை சொல்ல முடியாது. ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கில் 18 அணி, ஆளுக்கு 23 ஆட்டம். சிலரை இரண்டு முறை, சிலரை ஒரு முறை சந்திக்கிறார்கள். யாருக்கு லேசான அட்டவணை வாய்த்தது என்ற சண்டை அங்கே வருடா வருடம் ஓய்வதில்லை. 19-ஆவது அணியாக டாஸ்மேனியாவுக்கு 2023-இல் உரிமம் கொடுத்து, 2028-இல் களமிறக்கத் திட்டமிட்டார்கள். அந்த ஆட்டத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் கொடுத்த தீவு அது. அந்த ஊருக்கே மைதானம் கட்டுவது என்ற நிபந்தனையோடுதான் அணி கிடைத்தது.

நம் லீக்கிலும் அப்படி ஒரு நிபந்தனை வேண்டும். அணி கேட்கிற ஊரில் டி.வி. ஒளிபரப்புக்குத் தகுந்த புல்தரை மைதானம் இருக்க வேண்டும். மூன்று ஆண்டாவது ஒரு 19 வயதுக்குட்பட்டோர் அணியை அந்த மாவட்டம் நடத்திக் காட்டியிருக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஊர் மாறக்கூடாது என்று உரிமையாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் தயாரானால் ஒன்பதாவது இடம் தூத்துக்குடிக்கு. முதல் கோப்பையை வென்ற ஊர் என்ற உரிமை அதற்கு இருக்கிறது. தென்காசி பத்தாவதாக வரட்டும். அதுவரைக்கும் நெல்லை அணியின் அந்த இரண்டு இடத்தில் ஒன்றைத் தூத்துக்குடிப் பையனுக்கும் மற்றதைத் தென்காசிப் பையனுக்கும் அடுத்த ஏலத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்துவிடலாம்.