அருவியும் ஆய்வேடும்

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். கடைசி செமஸ்டரில் ஆய்வேடு எழுத வேண்டுமாம். கல்வராயன் மலையில் பிறந்தவனுக்கு இது கட்டுப்படியாகுமா?
– வாசகர், வெள்ளிமலை

பதில்: சி.வி. ராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1906-ல் லண்டன் இதழில் வந்தபோது அவருக்கு வயது 18. சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். செவ்வகத் திறப்பு வழியே நுழையும் ஒளி எப்படிப் பட்டை பட்டையாக விழுகிறது என்பதுதான் விஷயம். எல்லாரும் பார்த்த வெளிச்சம். அவர் ஏன் என்று கேட்டார், அவ்வளவுதான்.

உங்களுக்குப் பெரியார் அருவி இருக்கிறதே! காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால், சாரலில் சுமார் 42 டிகிரியில் வானவில். “ஆகா!” என்றால் கவிதை. கோணத்தை அளந்து, பிழையையும் ஒளிக்காமல் குறித்தால் ஆய்வேடு. பக்கத்து ஊர் ஆய்வேட்டைப் பார்த்து எழுதினால் மட்டும் அது வெறும் ஜெராக்ஸ்!