பையர் ஆடிட் குழுவுக்கு, செக்கிங் டேபிளிலிருந்து

அனுப்புநர்:
செக்கிங் டேபிள், மூன்றாவது வரிசை,
ஒரு பனியன் கம்பெனி (பெயர் எழுதினால் வேலை போகும்),
திருப்பூர்.

பெறுநர்:
மேன்மை தங்கிய கம்ப்ளையன்ஸ் ஆடிட் குழு,
கடல் கடந்த ஊர்கள்.

பொருள்: வீட்டுக்காரரோடு சேர்ந்தபின் ரத்தம் படுதல் – செக்லிஸ்ட்டில் ஒரு கட்டம் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: சென்ற ஆடிட்டில் தாங்கள் பார்க்காதது.

ஐயா, அம்மா,

நீங்கள் வருகிற நாள்தான் எங்களுக்குத் தீபாவளி. கக்கூஸில் சோப்பு இருக்கும். குடிதண்ணீர் கேன் புதிதாக இருக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் ஒரே ராத்திரியில் பஞ்சு முளைத்திருக்கும். கலெக்டர் வந்தாலும் நிற்காத லைன், நீங்கள் வந்தால் நின்று கும்பிடும். அதனால்தான் அரசாங்கத்தை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் நுணுக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஒரு ஊசி உடைந்தால் என்ன பாடு! துண்டு அத்தனையும் கிடைத்தாக வேண்டும். பொறுக்கி, ரிஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டி, மிஷின் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் டெய்லருக்குப் புது ஊசி. ஒரு முனை காணோம் என்றால், சுற்றிக் கிடக்கிற பீஸ் எல்லாம் டிடெக்டருக்குள் போய் வர வேண்டும். சாயத்துக்கும் இதே கதைதான். வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்து, ஒட்டிய கறையைச் சாம்பல் நிற அட்டையோடு ஒப்பிட்டு, 1 முதல் 5 வரை மார்க் போடுகிறீர்கள். மார்க் குறைந்தால் லாட்டே நிற்கும். எந்தச் சாயப்பட்டறை, எந்தத் தண்ணீர் என்று தெரியும்வரை முதலாளிக்குத் தூக்கம் கிடையாது.

பக்கத்து டேபிள் அக்காவுக்கும் கறை படுகிறது. மாசமாசம் வருகிற நாளில் இல்லை. வீட்டுக்காரரோடு சேர்ந்த அன்றைக்கோ மறுநாளோ. மாதக்கணக்காக இப்படி இருக்கிறது. யாரும் எந்த லாட்டையும் நிறுத்தவில்லை.

அக்கா எங்களிடம் சொன்னதும் நாங்கள் ஆளுக்கொரு மருத்துவச்சி ஆனோம். நோயின் பெயர் ஒன்றுதான்: சூடு. "நாளெல்லாம் நின்னுட்டே இருந்தா சூடு ஏறாதா கண்ணு? வெந்தயம் ஊறவெச்சுக் குடி." அயர்னிங் டேபிள் சூடு, நைட் ஷிப்ட் சூடு, பிராய்லர் கோழி சூடு. திருப்பூரில் பெண்ணுக்கு வரும் நோய் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வார்த்தையில் சர்டிபிகேட் கொடுத்துவிடுவோம். முதலிரவில் ரத்தம் வராவிட்டால் விசாரணைக் கமிஷன் வைக்கிற குடும்பங்கள் (எல்லாருக்கும் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை), பதினைந்து வருஷம் கழித்து வந்தால் வாயை மூடச் சொல்கின்றன.

சூப்பர்வைசரிடம் அக்கா லீவு கேட்டதையும் எழுதிவிடுகிறேன்.

"ஒடம்பு முடியலைங்ண்ணா. அரை நாள் வேணுமுங்க."

"என்னம்மா, வயித்து வலியா?"

"வலியெல்லாம் இல்லைங்ண்ணா..."

"வலியில்லாம எதுக்கு லீவு? வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். வலித்தால் மாத்திரை, விழுந்தால் லீவு. அவருக்குச் சொல்லிக்கொடுத்த மருத்துவம் அவ்வளவுதான். கருப்பை வாயிலிருந்து கசியும் ரத்தம் பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் இதில் பெரிய வம்பு. அக்கா மறுநாள் புத்தியாக "வயித்து வலிங்ண்ணா" என்றாள். உடனே மாத்திரை வந்தது. லீவு வரவில்லை.

அந்த மாத்திரையின் சரித்திரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன், தமிழ்நாட்டுத் துணித்தொழிலில் இருக்கும் சுமார் 100 பெண்களிடம் பேசிச் செய்தி போட்டது. மாதவிடாய் வலிக்கு அத்தனை பேருக்கும் வேலையிடத்திலேயே பேர் இல்லாத, அட்டை இல்லாத மாத்திரை கொடுத்திருந்தார்கள். பாதிக்கு மேல் பேர் அதனால் உடம்பு கெட்டது என்றார்கள். ஆராய்ந்து பார்த்தால் இப்யூபுரூஃபன் வகை வலி மாத்திரை. தொழிலாளர்களின் உடல்நலத்தைக் கண்காணிப்போம் என்று அரசும் சொன்னது. ஒரு டி-ஷர்ட்டின் கழுத்தில் எந்த நாட்டில் தைத்தது, எத்தனை சதவீதம் காட்டன், எந்தச் சூட்டில் துவைப்பது என்று லேபிள் வைக்காமல் விட மாட்டீர்கள். அதைத் தைக்கிறவளின் வாயில் போடும் மாத்திரைக்கு லேபிள் இல்லை.

சரி, கறை எதனால்? உங்களுக்குப் பிடித்தபடி டேமேஜ் ரிப்போர்ட்டாகவே தருகிறேன். பெரும்பாலானவை பயப்படும்படியானவை இல்லை. பால் கொடுக்கும்போதும் தீட்டு நின்ற பிறகும் பிறப்புறுப்பு வறண்டு, உராய்ந்து கசியலாம். கருப்பை வாயின் உள்பக்கத் தோல் வெளியே திரும்பியிருக்கலாம். பிள்ளை பெறும் வயதில் அது சகஜம், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். சின்னச் சதை வளர்ந்திருக்கலாம். கிருமி தொற்றியிருக்கலாம், அது உடலுறவில் பரவும் வகை என்றால் வீட்டுக்காரரும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும் (இந்த வரியை ஆண்கள் செக்‌ஷனிலும் ஒட்டினால் தேவலை). கட்டாயப்படுத்தியதால் பட்ட காயமாகவும் இருக்கலாம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நீங்களே சொல்லுங்கள். இத்தனைக்கும் நடுவே, குறைவான பேருக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்.

இதில் எது என்று வெந்தயத்தாலும் சொல்ல முடியாது, சூப்பர்வைசராலும் சொல்ல முடியாது. டாக்டர் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்குச் சில நிமிஷம் போதும். மறுபடி மறுபடி பட்டாலும், தீட்டு நின்றுபோனவளுக்கு ஒரே ஒரு முறை பட்டாலும், போய்க் காட்ட வேண்டும். கர்ப்பிணிக்குப் பட்டாலும், மணிக்கொரு பேட் நனைந்தாலும், தலை சுற்றினாலும் அன்றைக்கே போக வேண்டும். ஷிப்மென்ட் தவறினால் கப்பல் காசுக்குப் பல மடங்கு கொடுத்து விமானத்தில் அனுப்புகிற ஊர் இது. அவசரம் என்றால் என்ன என்று எங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்து திண்டுக்கல்லில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கும் நூல் மில்கள்தான். அந்த மாவட்டத்தில், அம்பிளிக்கை மருத்துவமனையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000-ல் ஒரு வேலை ஆரம்பித்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேரைக் கூப்பிட்டார்கள். 31,343 பேர் வந்தார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்கள். சமையலறை வினிகர் ஜாதிதான். கோளாறு இருக்கும் இடம் வெளுத்துக் காட்டும். தகுந்தவர்களுக்கு அதை உறையவைத்து அங்கேயே சிகிச்சை. இப்படிக் கூப்பிடாத ஊர்களைவிட இந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்தது என்று 2007-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். கறை பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை உங்களுக்கு மட்டும் தெரிந்ததில்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த அமிலச் சோதனை ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. ஏற்கெனவே ரத்தம் படுகிற அக்காவுக்கு முழுப் பரிசோதனையே வேண்டும்; கேம்ப்பில் ஒரு நாள் "நார்மல்" என்று சீட்டு எழுதி அனுப்பினால் தீராது.

திண்டுக்கல் பாடம் படித்த தமிழ்நாட்டிலேயே, 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். சிரிக்காதீர்கள், அந்தக் கணக்கில் மாநிலங்களுக்குள் நாங்கள்தான் முதலிடம்.

ஏன் போகவில்லை? ஓ.பி. காலையில். போனால் அரை நாள் கூலி போச்சு, அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. இ.எஸ்.ஐ. இருக்கிறது, சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். புற்றுநோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நீண்ட நாள் உதவித்தொகையும் உண்டு. அப்படி எழுதும் இடம்வரை போய்ச் சேரத்தான் லீவு இல்லை. பவர்டேபிள் யூனிட்டுகளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பலருக்கு அந்தக் கார்டே கிடையாது. ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பிள்ளை இதை எந்தப் பாஷையில், எந்த ஆண் வார்டனிடம் சொல்லும்?

2013-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்த பிறகு, உங்கள் செக்லிஸ்ட் கனமானது. இப்போது அவசர வழியின் குறுக்கே ஒரு அட்டைப்பெட்டி வைக்க முடியாது. நல்லது. இந்தியாவில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 2022 என்ற ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட 80,000 பெண்கள் செத்தார்கள் என்பது உலகக் கணக்கு. கட்டடம் எதுவும் இடியவில்லை, அதனால் உங்கள் காதுக்குச் சத்தம் எட்டியிருக்காது.

ஆகவே, நாங்கள் கேட்கும் கட்டம் சின்னது. காரணம் எழுதாத கேட் பாஸ், வருஷத்துக்கு இரண்டு அரை நாள், கூலி பிடிக்காமல். பெண் நர்ஸ் ஒருத்தர், நீங்கள் வராத நாளிலும். 30 வயது தாண்டியவர்களைச் சோதனைக்கு அனுப்பியதற்கு ஒரு ரிஜிஸ்டர். பெயரும் முடிவும் அதில் வேண்டாம், போய்வந்த எண்ணிக்கை போதும். கொடுக்கும் மாத்திரைக்கு ஒரு லேபிள். இந்த நான்கும் இல்லாத கம்பெனிக்கு, சாயம் போகும் லாட்டுக்குப் போடுகிற அதே முத்திரையைப் போடுங்கள்.

பதிலைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அனுப்புங்கள். நோட்டீஸ் போர்டில் வேண்டாம், பெண்கள் கக்கூஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள்கிறோம். சூப்பர்வைசர் வராத இடம் அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசைக்காரி.

இணைப்பு: இல்லை. (ஜெராக்ஸ் மிஷின் ஆபீஸுக்குள் இருக்கிறது. போக கேட் பாஸ் வேண்டும்.)