கூரைக்கு மூக்கு வைக்கிற தம்பிக்கு

வா கண்ணு, உக்காரு. கையில என்ன, பிளானா? ஓட்டுக் கூரையைப் பொளந்து ஜன்னல் வெச்சு, அட்டத்தை ரூமாக்கப் போறியாமே. அதுக்குப் பேரு டார்மரா? படத்துல பார்த்தா கூரைக்கு மூக்கு மொளைச்சாப்புல இருக்குது. உன்ற தாத்தன் மைசூருல கட்டின ஊடு இத்தனை வருசம் மூச்சு விடாமயா நின்னுது?

சரி, ஒரு கணக்குச் சொல்லு. ஊட்டு அகலம் எத்தனை? இருபதடி. சுவத்துல இருந்து முகட்டுக்கு நேரா பத்தடி. மங்களூர்ல 1865ல பாசல் மிஷன்காரங்க சுட ஆரம்பிச்ச ஓடு நம்முளது. அதோட சரிவு பத்தடி போனா ஆறடிகூட முழுசா ஏறாது. நீயோ ஆறடி ஆளு. சொந்த ஊட்டுலயே ஆயுசுக்கும் கும்புடு போட்டுட்டு நடப்பியா? டார்மர் வெச்சா நிமிரலாம்ங்கற. அது மட்டும் முகட்டைத் தாண்டியா ஏறும்?

சீமையில பனி கொட்டும். வழுக்கி விழட்டும்னு செங்குத்தாக் கூரை போட்டான். பத்தடிக்குப் பத்தடி ஏறுச்சு. மிச்ச எடத்துல ஜன்னல் வெச்சுப் படுத்தான். டார்மர்ங்கற பேரே தூங்கறதுக்கான பிரெஞ்சுச் சொல்லுல வந்ததாம். சித்திரை மாசம் மத்தியானம் ஓட்டுக்கடியில படுத்துப் பாரு. தூக்கம் வருதா, வேர்வை வருதான்னு தெரியும்.

அப்பறம் கைமரத்தை அறுக்கோணும். அறுத்த மரத்துச் சொமையை ரெண்டு பக்கத்து மரமும் தாங்கோணும். அதுக்கு மரத்தை ரெட்டிப்பாக்கோணும். சின்னக் கூரையும் பெரிய கூரையும் சேர்ற மூலையில தண்ணி வந்து கூடும். அங்க தகடு வெச்சுத் தைக்கோணும். ஒழுகாத கூரையை ஒழுக வெச்சுட்டு, ஒழுக்கடைக்க ஆள் தேடறதுக்குப் பேருதான் வசதியா? அட்டத்துப் பலகை பூசணிக்காயைத் தாங்கும். கட்டலு, பீரோ, மாமனார் எல்லாத்தையும் தாங்குமா? ஏறிப் போறதுக்குப் படி வேற. மேல அரை ரூம் சம்பாரிக்கக் கீழ கால் ரூம் தண்டம்.

வெளிச்சந்தான் வேணும்னா நாலு ஓட்டை எடுத்துட்டுக் கண்ணாடி ஓடு சொருவு. வெத்தலை போடற நேரத்துல முடிஞ்சுரும். ஆனா அதை யாரும் போட்டோ புடிக்க மாட்டாங்களே. அதானே உன்ற கவலை?

மைசூர் யாதவகிரியில எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் ஊட்டை 2016ல மியூசியமாக்கினாங்களே, பார்த்தியா? எழுதறதுக்குன்னே எட்டு ஜன்னல் வெச்சு ரூம் கட்டினாரு. சாமுண்டி மலை தெரிஞ்சுது, ரயிலு தெரிஞ்சுது, மேயற மாடு தெரிஞ்சுது. பார்த்துட்டே இருந்தா பேனா எங்க ஓடும்? கனத்த திரையை இழுத்து மூடிட்டுத்தான் எழுதினாரு. எட்டு ஜன்னல் வெச்சவரே மூடிட்டாரு. நீ கூரையைப் பொளக்கறேங்கற.

நான் சொல்றதைக் கேளு. ஒடஞ்ச தொட்டில், ஓடாத ஃபேன், டிவி வந்த அட்டைப் பொட்டி எல்லாத்தையும் அட்டத்துல இருந்து எறக்கு. கீழ முன்ரூமை வராத விருந்தாளிக்குன்னு எத்தனை வருசமாப் பூட்டி வெச்சிருக்கீங்க? அதைத் தொற. அதுக்கு எஞ்சினியரு எதுக்கு? சாவி இருந்தாப் போதும்.

சாவி எங்கயா? அட்டத்துலதான் கெடக்கும், தேடு.