பாசிக்குடாவில் புளிப்பு மண்

அமில மண் கேட்கும் செடிகளுக்குப் பாசிக்குடா ஏற்ற இடமல்ல. கடலில் முருகைக்கல், கரையில் அது நொறுங்கிக் கலந்த சுண்ணாம்பு மணல். இலங்கையில் அமில மண் கேட்பதற்குப் பேர்போனது, சிங்களத்தில் மகா ரத்மல் எனப்படும் சிவப்பு ரோடோடென்ட்ரன். அதன் வீடு ஹோர்ட்டன் சமவெளி: 2,000 மீட்டருக்கு மேல், பனி, குளிர், ஈரக் கருமண். அதைக் கடற்கரைக்குக் கொண்டுவருவது செடிக்குச் சுற்றுலா அல்ல, நாடுகடத்தல்.

அவ்வளவு தூரம் போவானேன்? இதைக் காட்ட வெட்சியே போதும். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாது. இளம் இலை மஞ்சளிக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். வீட்டார் பசளை போடுவர், பிறகு இன்னும் பசளை, பிறகு நேர்த்திக்கடன். தேசிக்காய் பிழிந்து ஊற்றுவோரும் உண்டு. அந்தப் புளிப்பை மண்ணே குடித்துவிடும். மிச்சத்தைச் சுண்ணாம்பு கலந்த கிணற்றுநீர் கவனித்துக்கொள்ளும்.

வழி ஒன்றுதான்: பெரிய சாடி, தும்புச்சோறு, இலைமக்கு, மாரியில் பிடித்துவைத்த மழைநீர்.

சாடியின்றித் தானாக வளரும் புதர்தான் வேண்டுமென்றால், வாவிக்கரையில் கண்டலும் தில்லையும் கேட்பாரின்றி வளர்கின்றன. தில்லையை மட்டும் முற்றத்தில் நட வேண்டாம்; அதன் பால் கண்ணைக் கெடுக்கும்.